கண்ணகி கடந்த ஆறு

கண்ணகியை நாம் மதுரையோடு சேர்த்தே நினைக்கிறோம். புகாரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் அவள் எங்கள் ஊரைக் கடந்துதான் போனாள். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் காவிரிக்கரையோடு நடந்து அரங்கத்துக்கு வருகிறார்கள். ஓடமேறித் தென்கரையில் இறங்குகிறார்கள். பிறகு உறையூர்.

அந்தத் தென்கரையில் இன்னொருவரும் நின்றார். பாணர் குலத்தவர் என்பதால் திருப்பாணாழ்வார் அரங்கத் தீவில் கால் வைக்காமல், ஆற்றுக்கு இப்பால் நின்றே பாடினார் என்கிறது வைணவ மரபு. வழிவிடவில்லை என்று லோகசாரங்க முனிவர் அவர்மேல் கல்லெறிந்ததும், பிறகு அவரையே தோளில் சுமந்து கோயிலுக்குள் போனதும் எல்லாரும் அறிந்த கதை. இதைப் பக்திக் கதையாகப் படித்தே பழகிவிட்டோம். ஒரு ஊரின் வரைபடமாகவும் படிக்கலாம்: யார் தீவுக்குள் குடியிருக்கலாம், யார் கரையோடு நின்றுவிட வேண்டும் என்று அது சொல்கிறது.

திருவரங்கம் ஏழு திருச்சுற்றுகள் கொண்ட ஊர். உத்தர வீதி, சித்திரை வீதி என்று கோயிலைச் சுற்றியே வீடுகள். யார் எந்த வீதியில் வாழ்வது என்பதைச் சாதியே முடிவு செய்தது. சேரி ஊருக்கு வெளியே இருந்தது. ஆனால் சேரியின் உழைப்பு நாள்தோறும் ஊருக்குள் வந்துபோனது. 1939ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் கோயில் கதவைத் திறந்தன. வீட்டுக் கதவு அவற்றில் அடங்கவில்லை.

1994இல் திருச்சி மாநகராட்சியானபோது திருவரங்கம் நகராட்சி அதில் இணைந்தது. திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் பல இடிந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறவர்களும் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களும் வாங்குகிறார்கள். வாடகைப் பலகையில் ‘சைவம் மட்டும்’ என்றிருக்கும். அது சாப்பாட்டைப் பற்றிய நிபந்தனை மட்டுமல்ல என்று வீடு தேடி அலைந்த ஒவ்வொரு தலித் பெண்ணுக்கும் தெரியும். தனியாக வாழும் பெண்ணுக்கு அதற்கு மேலும் ஒரு கேள்வி காத்திருக்கும்: “கூட யார் இருக்காங்க?” கொல்லைப்புற வாசலில் வந்து பாத்திரம் தேய்த்தவரின் மகள் இன்று லிஃப்டில் ஏறி நான்காம் மாடிக்கு வந்து தேய்க்கிறார். மாறியது வாசல்தான்.

வசதியுள்ளோர் குடியேற, உழைக்கும் மக்கள் தங்கள் பகுதியிலிருந்தே வெளியேற நேர்வதற்கு ஒரு பெயர் வைத்தவர் பெண்தான். சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் லண்டனைப் பார்த்து ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்ற சொல்லை உருவாக்கினார். அமெரிக்க நகரங்களில் அந்தச் சொல் கறுப்பின மக்களின் தெருக்களோடு ஒட்டிக்கொண்டது. அங்கே நிறம் செய்ததை இங்கே சாதி செய்கிறது. இங்கு சந்தை மட்டும் தள்ளுவதில்லை. அரசும் லாரி வைத்து ஏற்றிச் செல்கிறது.

சென்னையைப் பாருங்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது முக்கிய நோக்கமாக இருந்தது. பல இடங்களில் அப்படிக் கட்டவும் செய்தார்கள். பிறகு நகர நிலத்தின் விலை ஏற, மக்களை விளிம்புக்கு அனுப்புவது வழக்கமானது. 2000இல் துரைப்பாக்கத்தில் தொடங்கிய குடியிருப்பு 15,000க்கும் மேற்பட்ட வீடுகளாக வளர்ந்தது. அடுத்து செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஆற்றோரம், கால்வாயோரம், சாலை விரிவாக்கம் என்று காரணங்கள் மாறின. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பது மாறவில்லை.

துரைப்பாக்கக் குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர்.

குடிபெயர்த்தலின் கணக்கைச் சதுர அடியில் போடுவார்கள். பெண்ணின் கணக்கு நேரத்தில் இருக்கிறது. மயிலாப்பூரில் நடந்துபோய் நான்கு வீடுகளில் வேலை செய்தவர், இப்போது விடியுமுன் பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்துக் காசு போகக் கையில் நிற்பது குறைவு. நான்கு வீடு இரண்டாகும். பலருக்கு அதுவும் இல்லாமல் போனது. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா வேறு பிளாக்கில். அவசரத்துக்குக் கைமாற்று தந்தவர், கடன் சொல்லி அரிசி கொடுத்த கடைக்காரர் எல்லாம் பழைய தெருவோடு போயிற்று. புதிய முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று இளம்பெண்கள் முகவரியை மறைக்கிறார்கள். வீடு என்பது நான்கு சுவர் மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இழப்பு எதுவும் கண்ணில் படாது.

2001 டிசம்பரில் சென்னைக் கடற்கரையிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டது. தமிழ்நாடே பேசியது, பேச வேண்டியதுதான். 2006இல் சிலை பழைய இடத்துக்குத் திரும்பியது. அவள் பெயர் தாங்கிய குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட பெண்களுக்குத் திரும்பும் நாள் குறிக்கப்படவில்லை.

பம்பாயின் நடைபாதைவாசிகளுக்காகப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் தொடுத்த வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் பாதியை நாம் மேற்கோள் காட்டுகிறோம். இரண்டாம் பாதியை அதிகாரிகள் நிறைவேற்றுகிறார்கள். 2022 மே மாதம் சென்னை கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கும்போது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் பக்கத்திலேயே மாற்று வீடு என்ற பேச்சு வந்தது.

2025இல் திருச்சி பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நகரம் வளர்கிறது, மனை விலை ஏறுகிறது. சென்னையில் நடந்ததை நாம் முன்பே பார்த்துவிட்டோம். ஆகவே திட்ட வரைபடத்தை விரிக்கும்போதே கேட்க வேண்டும்: இந்தத் தெருவைப் பெருக்குகிற, இந்த மாடிகளில் சமைக்கிற பெண்களின் வீடு இதில் எங்கே இருக்கிறது? அவர்களின் முதல் பேருந்து எத்தனை மணிக்கு?

ஆழ்வாரை ஒரு முனிவர் தோளில் சுமந்து கரை சேர்த்தார். இந்தப் பெண்கள் யார் தோளையும் கேட்கவில்லை. ஆற்றுக்கு இப்பால் தள்ளாதீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.