கூடத் தங்க ஓர் ஆள்

காரைக்கால் பக்கம் யாருக்காவது பெரிய வியாதி என்றால், 'வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க' என்பார்கள். மனநோய்க்கும் அங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதற்கு ஒரு முன்கதை, அமிர்தசரஸில்.

1950-களில் அந்த ஊர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்கே இடமில்லை. டாக்டர் வித்யா சாகர் என்ன செய்தார் தெரியுமா? வளாகத்தில் கூடாரம் போட்டு, நோயாளியோடு வீட்டு ஆட்களையும் தங்க வைத்தார்! அதுவரை சொந்தக்காரர் என்றால் கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டியவர்தான். கூடாரத்துக்குள் வந்தவர்களோ, சிகிச்சையில் ஆள் தெளிவதைக் கண்ணால் பார்த்தார்கள். பயம் விட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

1957-ல் வேலூர் சி.எம்.சி. தொடங்கிய மனநல மையத்திலும் இதே வழி. நோயாளியோடு வீட்டு ஆளும் தங்குவார். அதனால் அங்கே பயிற்சிக்கு வந்த டாக்டருக்கும் நர்ஸுக்கும் பாடம் இரட்டிப்பானது. மருந்து தெரிந்தால் போதாது. 'டாக்டரய்யா, என் புள்ள இனிமே வேலைக்குப் போவானா?' என்று கேட்கிற தாயோடு உட்கார்ந்து பேசவும் தெரியவேண்டும். என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் கஷ்டமான பாடம்.

மனநோயும் ஊனம்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 1995 ஆனது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். வேலூர் மையம் தொடங்கி அப்போது 44 வருஷம்.