மூணு அங்குலக் கத்தி

போன வருஷம் தங்கச்சிக்கு குர்காவ்னில் வேலை கிடைத்தது. ஷிப்ட் முடிய ராத்திரி பதினொன்றாகும். திருநெல்வேலியில் இருந்து அம்மா தினமும் போன். "அவ பையில பாதுகாப்புக்கு ஏதாவது வாங்கிப் போட்டுக் குடுடா." அந்தச் சமயம் பார்த்து ஆபீஸ் வேலையாக என்னை ராம்பூருக்கு அனுப்பினார்கள். சும்மா வருவேனா?

முராதாபாத் தாண்டி இருக்கிற இந்த ஊர் பழைய நவாபுகளின் தலைநகரம். பழைய இந்திப் படங்களில் வில்லன் 'கர்ர்ர்' என்று ஒரு கத்தியை விரிப்பானே, அது இந்த ஊர்ச் சரக்குதான். அந்தச் சத்தம் வருவது 'கராரி' என்ற பல்வரிசையில் இருந்து. பட்டனைத் தட்டினால் திறப்பது இன்னொரு வகை. ஒரு காலத்தில் ஒன்பது அங்குலத்துக்கு மேலும் அலகு வைத்துச் செய்தார்கள். 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேல் செய்யத் தடை வந்தபின் தொழில் படுத்துவிட்டது. 2023ல் ஊர் நடுவே இருபது அடிக் கத்தி ஒன்றைச் சிலை மாதிரி நிறுத்தினார்கள்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். கைப்பிடி கொம்பா, பித்தளையா? பெண் கைக்கு என்றால் கனம் கம்மியாக இருக்கணுமே? நாலு அங்குலத்தில் கொம்புப் பிடி போட்ட பட்டன் கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு பெருமையோடு தில்லி வந்து சேர்ந்தேன்.

மாடி வீட்டு அங்கிள்ஜி ஓய்வு பெற்ற வக்கீல், சர்தார்ஜி. கத்தியைப் பார்த்ததும் சிரித்துவிட்டு ஸ்கேல் எடுத்துவரச் சொன்னார். அலகு பத்து செ.மீ., அகலம் இரண்டு. "பேட்டா, உன் தங்கையை நீயே ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறாய்" என்றார்.

1980ல் தில்லி நிர்வாகம் ஓர் அறிவிப்பு போட்டதாம். ஸ்பிரிங், கராரி, பட்டன் மாதிரி விசையால் திறக்கிற கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால், அது லைசென்ஸ் கட்டுப்பாட்டுக்குள் வரும். 7.62 செ.மீ. என்பது சரியாக மூணு அங்குலம். ராம்பூரில் செய்ய அனுமதித்த அளவு, தில்லியில் வம்பில் மாட்டிவிடலாம்!

அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1860ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம், தன் உடலையும் அடுத்தவர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தது. பிரிவு 96ல் தொடங்கி 106 வரை. ஆனால் 1857ஐ வெள்ளைக்காரன் மறக்கவில்லை. 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கியோ வாளோ ஏந்த லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. ஒரு கையால் உரிமையைக் கொடுத்து, மறு கையால் கருவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அங்கிள்ஜியின் இடுப்பில் தொங்கும் கிர்பானும் அந்தச் சட்டத்தில் மாட்டியது. சீக்கியர்கள் போராடி 1914ல் பஞ்சாபில் விலக்கு வாங்கினார்கள். அப்புறமும் விடவில்லை. கிர்பான் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று 1920களின் தொடக்கத்தில் வழக்குகள், கைதுகள். கடைசியில் 1950ல் அரசியலமைப்பின் 25வது பிரிவிலேயே கிர்பான் இடம்பிடித்தது. ஆனாலும் ஸ்கேல் போகவில்லை பாருங்கள். உள்நாட்டு விமானத்தில் அலகு ஆறு அங்குலம், மொத்தம் ஒன்பது அங்குலம் வரைதான் என்று 2022ல் உத்தரவு.

1959ல் நாமே போட்ட ஆயுதச் சட்டமும் லைசென்ஸை எடுக்கவில்லை. தற்காப்பு உரிமை 2024ல் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியபோதும் அப்படியே வந்தது, பிரிவு 34 முதல் 44 வரை. அதோடு பழைய நிபந்தனையும் வந்தது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. நெஞ்சு படபடக்கிற நேரத்தில் பத்து செ.மீ. கத்தி அந்த அளவோடு நிற்குமா என்று அங்கிள்ஜி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ராம்பூர் பயணத்தில் கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். பாதிப் பணம் தந்தார். தங்கச்சிக்கு பெப்பர் ஸ்பிரே வாங்கினேன். பெயரில்தான் மிளகு, உள்ளே இருப்பது மிளகாய்க் காரம். லைசென்ஸ் வேண்டாம். காலாவதித் தேதி பார்த்து, பூட்டு மூடி உள்ளதாக எடுத்தேன். எதிர்க்காற்றில் அடித்தால் நம் கண்ணுக்கே வரும் என்று மொட்டை மாடியில் ஒருமுறை அடித்துக் காட்டினேன். பையின் அடியில் புதைக்காமல் வெளி ஜிப்பில் வைக்கச் சொன்னேன். ஆனால் அதுவும் விளையாட்டுப் பொருள் இல்லை. தற்காப்புக்கு அவசியமில்லாத இடத்தில் அடித்த ஒரு வழக்கில், அது ஆபத்தான ஆயுதமே என்று 2024ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு சரித்திரத்தையும் தங்கச்சியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் சரிண்ணா. ஆபீஸ் வண்டி மெயின் ரோட்டுலயே எறக்கி விட்டுடுது. வீட்டு வாசல் வரைக்கும் வந்தா, இந்த டப்பாவே எனக்கு வேணாம்."

நூற்று அறுபது வருஷச் சட்டத்தைத் தேடிப் படித்த எனக்கு, அந்தக் கடைசி முன்னூறு மீட்டர் தோணவே இல்லை. இப்போது ராத்திரி பதினொன்றரைக்கு மெயின் ரோட்டில் போய் நிற்கிறேன். வண்டியை வாசல் வரை வரவைக்க அவள் ஆபீசில் எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.