விதை மூட்டையில இருக்கிற மூணு எழுத்து

பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. அடுத்து என்னம்மான்னு கேட்டா, யோசிக்காம "பி.எஸ்சி. அக்ரி"ன்னு சொல்லிட்டா. எங்க அம்மாவுக்குத்தான் மனசு ஆறல. "கழனியில எறங்கக் கூடாதுன்னுதானடா படிக்க வச்ச? திரும்ப மண்ணுக்கே போறாளா?"ன்னு ரெண்டு நாளா அதே பேச்சு. அந்தப் படிப்பு எங்கேர்ந்து வந்தது, அதனால நமக்கு என்ன வந்ததுன்னு அம்மாவுக்குச் சொல்லப் போயி, நானே பாதி தெரியாம இருக்கேன்னு புரிஞ்சது. தேடிப் படிச்சதை இங்க எழுதி வைக்கிறேன் உறவுகளே.

கதை கோயம்புத்தூர்ல தொடங்கல, மெட்ராஸ் சைதாப்பேட்டையில தொடங்குது. 1863 வாக்குல கவர்னரா இருந்த வில்லியம் டெனிசனுக்கு ஒரு ஆசை. சீமையிலேர்ந்து நீராவிக் கலப்பை, விதைக்கிற கருவி, கதிரடிக்கிற மிஷின் எல்லாம் கொண்டாந்து காட்டினா நம்ம குடியானவன் மாறிடுவான்னு நெனச்சாரு. அதுக்காக சைதாப்பேட்டையில ஒரு பண்ணை போட்டாங்க. அங்க 1868ல விவசாயப் பள்ளிக்கூடம் வந்ததுன்னும், அதுதான் தன்னோட வேருன்னும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லுது. 1876ல அது கல்லூரியா ஆச்சு.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. தாது வருஷப் பஞ்சம் தொடங்கின வருஷம் அது. ஜனங்க கூழுக்கும் வழியில்லாம செத்துக்கிட்டு இருந்தப்ப, சைதாப்பேட்டையில பசங்க விவசாயம் படிக்கத் தொடங்கியிருக்காங்க. அந்தக் கல்லூரியாலதான் பஞ்சம் தீர்ந்ததுன்னு சொல்ல முடியாது, ஆனா பஞ்சத்தாலதான் விவசாயத்துக்குன்னு ஒரு துறையே வந்தது. 1880ல பஞ்சக் கமிஷன் பரிந்துரை பண்ணிச்சு, 1882ல மெட்ராஸ் மாகாணத்துக்கு வேளாண்மைத் துறை வந்தது. ஜனங்க செத்தப்புறம் ஆபீஸ் தெறக்குறது அப்பவே இருந்த பழக்கம்தான் போல.

சைதாப்பேட்டையில மண்ணே சரியில்ல, மணல் தரை. சீமைக் கலப்பையும் நம்ம மாட்டுக்கு ஒத்து வரல. இதுக்கு நடுவுல 1889ல வோல்க்கர்னு ஒரு வேதியியல் நிபுணரை இங்கிலாந்துலேர்ந்து அனுப்பினாங்க, நம்ம விவசாயத்துல என்ன குறைன்னு பாக்கறதுக்கு. அந்த மனுஷன் ஊர் ஊரா சுத்திட்டு 1893ல கொடுத்த அறிக்கையில, இந்தியக் குடியானவன் இங்கிலாந்து விவசாயிக்குக் குறைஞ்சவன் இல்ல, சில விஷயத்துல அவனை விடவே மேல்ன்னு எழுதினாரு. தண்ணியும் எருவும்தான் பத்தலன்னாரு. இதைப் படிச்சுக் காட்டினப்பதான் எங்க அம்மா முகத்துல சிரிப்பே வந்தது.

அப்புறம்தான் கோயம்புத்தூர். 1906ல கவர்னர் ஆர்தர் லாலி அடிக்கல் வச்சாரு, 1909ல கல்லூரி தெறந்தாங்க. அந்தக் கல்லூரி இருக்கிற ரோட்டுக்கு இன்னிக்கும் லாலி ரோடுன்னுதான் பேரு. 1920ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட சேந்தது.

அங்க நடந்த வேலையில ஒண்ணைச் சொல்றேன். நம்ம பக்கத்துல பழைய ஆளுங்ககிட்ட ஜி.ஈ.பி. 24 நெல்லுன்னு சொல்லிப் பாருங்க, கண்ணு பளிச்சுன்னு ஆகும். ஜி.ஈ.பி.ன்னா கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட், அதாவது அந்த ஆபீசரோட பதவிப் பேரு. கிச்சிலிச் சம்பாவுல தானா மாறி நின்ன செடியைப் பொறுக்கி எடுத்து, 1921ல வெளியிட்ட ரகம் அது. அதையும் கோ 18ஐயும் கலந்து வந்தது டி.கே.எம். 6. அந்த டி.கே.எம். 6ஐ பிலிப்பைன்ஸ்ல இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க எடுத்து, தண்டுத் துளைப்பானுக்குத் தாங்கணும்னு கலந்ததுல வந்ததுதான் ஐ.ஆர். 20. எங்க தாத்தா எழுபதுகள்ல "புது நெல்லு"ன்னு பயந்து பயந்து போட்டது அதைத்தான். வெளிநாட்டு நெல்லுன்னு சொன்னாங்க, ஆனா அதுக்குள்ள ஓடுறது நம்ம கிச்சிலிச் சம்பா ரத்தம்.

கரும்பும் அப்படித்தான். 1912ல கோயம்புத்தூர்ல கரும்புக்குன்னு தனி நிலையம் வந்தது. பார்பர்னு ஒரு வெள்ளைக்காரரும், டி.எஸ். வெங்கட்ராமனும் சேந்து, கரும்போட நாணலைக் கலந்தாங்க. 1918ல வந்த கோ 205 பஞ்சாப் வரைக்கும் போச்சு. ஆத்தோரம் நிக்கிற நாணல்ல என்ன இருக்குன்னு நம்மளும்தான் பாத்துக்கிட்டே இருந்தோம்!

இப்போ தலைப்புக்கு வரேன். நம்ம கொல்லையில மல்லாட்டை போடுறப்போ மூட்டை மேல டி.எம்.வி.ன்னு இருக்கும் பாருங்க, அது வேற எதுவும் இல்ல, நம்ம திண்டிவனம்தான். டி.எம்.வி. 2 வந்தது 1940ல. குடியாத்தம் பக்கத்துக் கொத்து ரகத்துலேர்ந்து பொறுக்கினது. டி.எம்.வி. 7 வந்தது 1967ல. ஏ.டி.டி.ன்னா ஆடுதுறை, டி.கே.எம்.னா திரூர்க்குப்பம், வி.ஆர்.ஐ.ன்னா விருத்தாசலம், கோன்னா கோயம்புத்தூர். ஒவ்வொரு மூட்டையிலயும் ஒரு ஊரு இருக்கு. இத்தனை வருஷமா மூட்டையைப் பிரிச்சேன், அந்த எழுத்தை ஊராப் படிச்சது இந்த மாசம்தான்.

1971 ஜூன் 1ல கல்லூரி பல்கலைக்கழகமா மாறுச்சு. இந்த யோசனை அமெரிக்காவுலேர்ந்து வந்தது. அங்க 1862ல ஒரு சட்டம் போட்டு, மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை வித்த காசுல விவசாயக் கல்லூரி கட்டச் சொன்னாங்க. பாடம், ஆராய்ச்சி, ஊருக்குப் போய்ச் சொல்றது, மூணும் ஒரே கூரைக்குள்ள இருக்கணும்ங்கறது அதோட கணக்கு. நம்ம நாட்டுல முதல்ல 1960ல பந்த்நகர்ல வந்தது, அப்புறம் ஒவ்வொரு மாநிலமா.

ஆனா மூணாவது வேலை முழுசா அந்தக் கூரைக்குள்ள வரல. விதை கண்டுபுடிக்கிறது பல்கலைக்கழகம், நம்மகிட்ட வர்ற ஏ.ஓ.வும் ஏ.ஏ.ஓ.வும் வேளாண்மைத் துறை. ரெண்டுக்கும் ஆபீஸ் வேற, மேலதிகாரி வேற. இந்த இடைவெளியில விழுந்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு வருஷம் மல்லாட்டைச் செடி வேரோட வாடி நின்னுச்சு. செடியைப் புடுங்கிக்கிட்டு ஒரு ஆபீஸுக்குப் போனா, "இது ஆராய்ச்சிக்காரங்க சொல்லணும்"னாங்க. இன்னொரு எடத்துக்குப் போனா, "உங்க ஆபீஸ் மூலமா எழுதி வரணும்"னாங்க. எழுதி வர்றதுக்குள்ள கொல்லை காஞ்சு போச்சு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் வேளாண் அறிவியல் நிலையம்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. இந்தியாவுலயே முதல் நிலையம் 1974ல நம்ம பாண்டிச்சேரியில, இதே பல்கலைக்கழகத்தோட பொறுப்புல வந்தது. இப்போ திண்டிவனத்துலயும் இருக்கு.

படிக்கிற பசங்களும் கடைசி வருஷத்துல ஊர்ல வந்து தங்கணும். கிராமத் தங்கல்னு சொல்றாங்க. கலர்ப்பொடியில தெருவுல ஊர் வரைபடம் போடுவாங்க, ஏரி எங்க, கிணறு எங்க, மேட்டு நிலம் எதுன்னு கேப்பாங்க. அப்படி வந்த ஒரு பொண்ணுகிட்ட எங்க சித்தப்பா, "படிச்சு முடிச்சிட்டு பேங்க்குக்குத்தானேம்மா போவ?"ன்னு கேட்டுட்டாரு. அந்தப் பொண்ணு மறைக்காம, "ஆமாம் தாத்தா, எங்க வீட்ல அதைத்தான் சொல்றாங்க"ன்னுச்சு. கோவப்பட முடியல. விவசாயம் படிச்ச புள்ளைக்கு விவசாயத்துல என்ன சம்பளம் இருக்குன்னு நம்மால சொல்ல முடியலையே. ஆனா போறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு விதை நேர்த்தி பண்ணிக் காட்டினதை சித்தப்பா இன்னிக்கும் விடாம செய்றாரு.

எங்க தொண்டூர் மலையில சமணர் கல்படுக்கை இருக்கு. அவங்க தங்கின எடத்துக்குப் பேரே பள்ளிதான். அங்க கூட வயசான முனிவரு சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாரு, கீழ ஏரியில தண்ணி பாஞ்சிருக்கும்னு என் பொண்ணு சொல்றா. எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆனா கேக்க நல்லா இருக்கு.

அரசுப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, அதுல ஒரு நம்பிக்கை. இப்போ வீட்ல சண்டை வேற மாதிரி ஆயிடுச்சு. கோயம்புத்தூரை முதல்ல போடணும்னு அவ சொல்றா. திருவண்ணாமலை மாவட்டத்து வாழவச்சனூர்ல 2014லேர்ந்து கல்லூரி இருக்கு, அதுதான் கிட்டன்னு அம்மா சொல்றாங்க. படிக்கவே வேணாம்னு சொன்னவங்கதான் இப்போ எந்தக் காலேஜுன்னு சண்டை போடுறாங்க. ரேங்க் லிஸ்ட் வந்ததும் எழுதறேன்.