துருப்பு செல்லும் நேரம்: இருபத்தெட்டு முதல் மந்திரச் சீட்டு வரை

ஒரு சீட்டு செல்லுமா செல்லாதா என்பதை எந்த நேரத்து நிலையை வைத்துத் தீர்ப்பது? இந்தக் கேள்விக்கு மூன்று ஆட்டங்கள் தந்த மூன்று விடைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

1. கவிழ்த்த துருப்பு

1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்த நாஞ்சில் நாட்டிலும், கேரளத்தைப் போலவே இருபத்தெட்டு ஆட்டம் உண்டு. ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் தலா 1; நாலு இனத்துக்கும் கூட்டினால் 28. ஏலத்தில் கூடக் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் துருப்பைத் திறக்கச் சொல்லலாம். சொல்லாமல் வேறொரு சீட்டைக் கழிக்கவும் செய்யலாம். கழித்தது துருப்பு இனம்தான் என்று மூன்று சுற்று தாண்டித் தெரியவந்தாலும், போன பிடி திரும்பி வராது.

2. யாழ்ப்பாணத்து மாற்று

ஜாக்கியும் ஒன்பதும் ஆஸை மிஞ்சுவது ஐரோப்பிய ஜாஸ் குடும்பத்தின் அடையாளம். அங்கே அது துருப்பில் மட்டும், இருபத்தெட்டில் எல்லா இனத்திலும். 1658இல் யாழ்ப்பாணத்தையும் 1663இல் கொச்சியையும் பிடித்த டச்சுக்காரர் வழியே இவ்வகை வந்திருக்கலாம் என்பது சீட்டாட்ட ஆய்வாளர் கருத்து. ஈழத்தமிழரின் 304 ஆட்டம் இதே குடும்பம். மொத்தப் புள்ளியே அதன் பெயர். மூடிய துருப்பு ஆட்டத்தில், இனம் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போடுகிறார். சுற்று முடிந்ததும் துருப்பு வைத்தவர் அதைப் புரட்டிப் பார்க்கிறார். துருப்பு என்றால் வெட்டு. இல்லையென்றால் வெறும் கழிவு. இருபத்தெட்டில் தீர்ப்பு போடும்போதே. இங்கே சுற்றின் முடிவில்.

3. இரட்டைச் சோதனை

1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ இரண்டு நேரத்திலும் சோதிக்கிறது. எதிரியின் விலங்கின்மேல் மின்னல் மந்திரத்தை ஏவுகிறோம். ஏவும்போது இலக்கு சரி. அது தாக்குமுன் எதிரி அந்த விலங்கைக் கைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். இலக்கு இல்லை, மந்திரச் சீட்டு வீணாகிக் கழிவுக் குவியலுக்குப் போகிறது. இரண்டு இலக்கில் ஒன்று மட்டும் தப்பினால், மற்றதன்மேல் வேலை நடக்கும்.

இந்த வீண்போதலுக்கு ஆட்டக்காரர்கள் தொடக்கத்தில் வைத்த பெயரைத் தமிழில் ‘புஸ்வாணம்’ எனலாம். 1999இன் ஆறாம் பதிப்பு, கடைசியில் ஏவியது முதலில் நடக்கும் அடுக்குமுறையைக் கொண்டுவந்தது. இலக்கிழந்த மந்திரம் விதியால் ‘முறியடிக்கப்படுகிறது’ என்பதே அக்கால வழக்கு. அதில் ஒரு சிக்கல்: முறியடிக்க முடியாத சீட்டும் இலக்கிழந்தால் முறியடிக்கப்பட வேண்டும். எனவே சில சீட்டுகளில் ‘மந்திரத்தாலோ திறனாலோ முறியடிக்க முடியாது’ என்று நீட்டி எழுதினார்கள். 2018இல் டொமினேரியா தொகுப்போடு விதி திருத்தப்பட்டது: இலக்கிழந்த மந்திரம் முறியடிக்கப்படுவதில்லை, நிறைவேறுவதில்லை. அந்த நீட்டல் வாசகமும் போயிற்று.

முடிவு

மந்திரத்தை முறிப்பது வேறு, மந்திரம் பலிக்காமல் போவது வேறு. முன்னதற்கு முறிப்பவர் ஒருவர் வேண்டும். பின்னதற்கு யாரும் வேண்டாம். நம் பேச்சில் என்றும் பிரிந்தே நிற்கும் இந்த இரண்டையும் அந்த விதிநூல் பிரித்தெழுத 25 ஆண்டுகள் ஆயின.