இதை யாரு குத்துனா?

மதுரையில் ஒரு பல்பொருள் அங்காடிக்கு அப்பத்தாவைக் கூட்டிப் போயிருந்தேன். சிறுதானியங்களுக்கென்று தனி அலமாரி வைத்திருந்தார்கள். வரகரிசிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக்கின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். விலையைக் கேட்கவில்லை. "இதை யாரு குத்துனா?" என்றார்.

"மில்லுல குத்துறாங்க அப்பத்தா."

"வரகுக்கு மில்லு வந்துருச்சா? இது அப்பவே வந்திருந்தா எங்க ஆத்தா இன்னும் நாலு வருசம் இருந்திருப்பா."

சிறுதானியங்களைப் பற்றி இன்று எழுதப்படும் பெரும்பாலானவற்றில், "நம் முன்னோர் உண்டார்கள், நாம் மறந்துவிட்டோம்" என்ற தொனி இருக்கும். மறதி என்ற சொல் எனக்குப் போதவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தின்ற சோற்றை ஒரு சமூகம் சும்மா மறக்காது. அதை விடுவதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றில் முக்கியமானதைத்தான் அப்பத்தா கேட்டார்.

சிறுதானியம் என்று பொதுப்பெயரில் சொன்னாலும், உலைக்குப் போவதற்கு முந்தைய வேலையை வைத்துப் பார்த்தால் இவை இரண்டு இனம். கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றிலும் கதிரை அடித்துத் தூற்றினால் தானியம் கைக்கு வந்துவிடும். வரகு, சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை அப்படியல்ல. நெல்லைப் போல உமி இறுகப் போர்த்தியிருக்கும். மணியோ நெல்லைவிட மிகச் சிறியது. வரகு இவற்றில் மகா பிடிவாதம் பிடித்தது. அதன் உமி பல அடுக்காக இருக்கும். குத்தி, புடைத்து, கொழித்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் சோறாக்கும் அரிசி கிடைக்கும்.

இவை எல்லாமே 'இந்த மண்ணின் தானியங்கள்' என்பதும் முழு உண்மையல்ல. கேழ்வரகின் பூர்வீகம் எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்கள். கம்பு சகாராவின் தென்விளிம்பிலிருந்தும், சோளம் சூடான் பகுதியிலிருந்தும் வந்தவை. மூன்றும் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை அடைந்தன. தினையும் பனிவரகும் முதலில் சீனத்தில் பயிராக்கப்பட்டவை. வரகும் சாமையும் இந்தியாவிலேயே பயிரானவை. நம் பழைய கஞ்சிப்பானைக்குள் இரண்டு கண்டங்கள் இருந்திருக்கின்றன.

சங்கப் பாடல்களில் தினை குறிஞ்சிக்கும் வரகு முல்லைக்கும் உரியவை. மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று (335) வரகு, தினை, கொள், அவரை என்ற நான்கைத் தவிர வேறு உணவே இல்லை என்கிறது. புன்செய் ஊர் ஒன்றின் பெருமிதம் அது. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், புல்வேளூர்ப் பூதன் இட்ட வரகுச்சோறும் கத்தரிக்காயும் மோரும் உலகம் பெறும் என்று புகழப்படுகின்றன. ஆனால் அந்தப் புகழ்ச்சிக்குள்ளேயே ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. எளியவன் வீட்டுச் சோறு என்பதால்தான் அதைப் பாட வேண்டியிருக்கிறது.

ஏரியும் வாய்க்காலும் பெருகப் பெருக அந்தப் படிநிலை கெட்டிப்பட்டது. சோழர் கால வரி பெரும்பாலும் கலக்கணக்கில் நெல்லாகவே அளக்கப்பட்டது. கோயில் படையல் அரிசி, விருந்து அரிசி, தானம் அரிசி. வரகுக்கும் கோயிலில் ஓர் இடம் கிடைத்தது, ஆனால் கோபுரத்தின் உச்சியில்! குடமுழுக்கின்போது கலசத்துக்குள் வரகை நிரப்பும் வழக்கம் இன்றும் உண்டு. எளிதில் கழலாத அந்த உமிதான் தானியத்தை ஆண்டுக்கணக்கில் காக்கிறது. கலசத்தில் வரகுக்குப் பெருமை தேடித்தந்த அதே உமி, கீழே பெண்களின் தோளை முறித்தது.

விடியலுக்கு முன்பே உரலடியில் வேலை தொடங்கிவிடும். கம்பைத் தண்ணீர் தெளித்துக் குத்தி, தவிடு போகப் புடைத்து, மறுபடி இடிக்க வேண்டும். கம்பு மாவில் எண்ணெய்ச் சத்து அதிகம். இடித்த சில நாளில் காறல் வாடை வந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை இடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. பகல் முழுக்கக் காட்டுவேலை செய்துவிட்டு வந்தவள், ராத்திரிச் சோற்றுக்கு உலக்கையைத் தூக்க வேண்டும். "நெல்லு விளையிற ஊருக்கு வாக்கப்படணும்" என்று பெண்பிள்ளைகள் ஆசைப்பட்டதற்கு நாக்கு ருசி மட்டும் காரணமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நெல் அரவை மில்கள் ஊர் ஊராக வந்தன. நெல் குத்தும் பாடு குறைந்தது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், தீட்டிய மில் அரிசியில் சத்து போய்விடுகிறது என்று கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தது. சத்து விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் உலக்கையைக் கீழே வைத்த கை மறுபடி அதை எடுக்கத் தயாராக இல்லை.

மில் எல்லாத் தானியத்துக்கும் ஒன்றுபோல உதவவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. நெல்லுக்கென்று அமைத்த எந்திரத்தில் சாமையும் வரகும் சரியாக அரைபடாது. ஒன்று உமியோடு நழுவும், இல்லையென்றால் நொய்யாகிவிடும். கேழ்வரகுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உமி நீக்கும் வேலையே கிடையாது. மிளகாய் அரைக்கும் மாவு மில்லே போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களி கடைசிவரை தாக்குப்பிடித்ததற்கும், வரகுச்சோறு கண்காணாமல் போனதற்கும் இந்த வேறுபாடு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு வந்தது அரிசி அரசியல். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணம் தட்டுப்பாட்டில் சிக்கியது. அதன்பின் அரிசி என்பது ஆட்சியைக் கவிழ்க்கும் பொருளானது. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. வென்றதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டது. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011இல் இலவசம்.

இதைச் சிறுதானியத்தின் சாவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே நெல்லுச்சோற்றைக் கண்டவர்களுக்கு, பண்ணையார் வீட்டு வாசலில் கூழுக்குக் கையேந்தி நின்றவர்களுக்கு, தினமும் வெள்ளைச்சோறு என்பது வயிற்று விஷயம் மட்டுமல்ல, மானத்தின் விஷயம். "எம்புள்ள நெல்லுச்சோறு திங்கிறான்" என்று ஒரு தாய் சொல்லும்போது, நார்ச்சத்துக் கணக்கை அவளிடம் நீட்ட முடியாது.

அரசின் மனதிலும் அந்தப் படிநிலை இருந்தது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி கிலோ மூன்று ரூபாய், கோதுமை இரண்டு ரூபாய், 'முரட்டுத் தானியம்' ஒரு ரூபாய். ஐந்தே ஆண்டுகளில், 2018இல், மத்திய அரசு அதே தானியங்களுக்கு 'ஊட்டத் தானியங்கள்' என்று பெயர் மாற்றியது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐ.நா. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

இந்த மாற்றத்தைத் தரையில் பார்க்க வேண்டுமானால் கொல்லிமலைக்குப் போக வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலைச்சரிவுகள். ஜவ்வரிசி ஆலைகளுக்காக அங்கே மரவள்ளி பரவியது. காசு கிடைத்தது, குத்தும் வேலையும் மிச்சம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே வேலை செய்தபோது, பாரம்பரிய விதைகளைக் காப்பதோடு, ஊருக்குள் உமி நீக்கும் சிறு எந்திரங்களையும் கொண்டுவந்தது. விதைக்குச் சமமாக மில்லும் முக்கியம் என்று புரிந்துகொண்ட வேலை அது.

சத்துக் கணக்கு பொய்யில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். கம்பில் இரும்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் ஃபைட்டேட் என்ற பொருள் அந்த இரும்பை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கும். ராத்திரி கரைத்து வைத்துக் காலையில் குடித்த கூழில் அந்த அறிவு இருந்தது. நைசாக அரைத்துக் காய்ச்சிய மாவுக்கஞ்சி ரத்தச் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுதானியம் என்ற பெயர் மட்டும் மருந்தாகிவிடாது.

இன்னொன்று. தவிட்டோடு இருந்தால் சாமையரிசி சீக்கிரம் கெட்டுப்போகும் என்று வெள்ளை வெளேரெனத் தீட்டி விற்கிறார்கள். வாங்குகிறவருக்கும் வெள்ளையாக இருந்தால்தான் திருப்தி. நார்ச்சத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து, நார் போனதை வாங்கி வருகிறோம். காந்தி 1934இல் சொன்னது இப்போது சாமைக்குப் பொருந்துகிறது.

2023இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில், இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. மாவு மில்லுக்குக் கொண்டுபோனால் முடிந்தது; யாரும் குத்த வேண்டியதில்லை. சாமைக்கும் வரகுக்கும் அதே வழி வேண்டுமென்றால், விளைகிற ஊரிலேயே உமி நீக்கும் எந்திரமும், தவிடு போகாமல் விற்க ஏற்பாடும் முதலில் வர வேண்டும். அதைச் செய்யாமல் பாரம்பரியத்துக்குத் திரும்பச் சொல்வது, மறுபடி யாரோ ஒருத்தியை உரலடிக்கு அனுப்புவதுதான்.

அன்று வரகரிசி ஒரு பொட்டலம் வாங்கினோம். மறுநாள் வீட்டில் சோறாக்கிக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். அப்பத்தா இரண்டு வாய் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குக் கொஞ்சம் நெல்லுச்சோறு வையி" என்றார்.