சிங்கத்தோடு சிநேகம் கொண்ட வண்டிமாடு

சஞ்சீவகன் முதலில் ஒரு வண்டிமாடு. சிங்கத்தின் சிநேகிதனானதும், பாக்தாத் வரை பெயர் பரவியதும் பிற்பாடு நடந்தவை. அவன் தெற்கத்தி மாடு என்பதைப் பஞ்சதந்திரம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தென்னாட்டில் மகிளாரோப்யம் என்றொரு நகரம். அங்கே ஒரு வணிகன், பெயர் வர்த்தமானன். இருக்கிற செல்வம் போதாதென்று வடக்கே மதுராவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். நுகத்தில் இரண்டு காளைகள்: நந்தகன், சஞ்சீவகன். யமுனைக் கரையோரச் சேற்றில் சஞ்சீவகனின் கால் ஒடிகிறது. வணிகன் மூன்று இரவு காத்திருக்கிறான். கூட வந்தவர்கள், ஒரு மாட்டுக்காக இத்தனை பேர் காட்டுக்குள் கிடக்க வேண்டுமா என்று முணுமுணுக்கிறார்கள். காவலுக்கு ஆட்களை விட்டுவிட்டு வண்டிகள் நகர்கின்றன. காவலாட்களுக்கும் காடென்றால் பயம். மறுநாளே ஓடி வந்து, மாடு செத்துவிட்டது, எரித்துவிட்டோம் என்று பொய் சொல்கிறார்கள். வணிகன் முறைப்படி காரியம் செய்துவிட்டு மேலே போகிறான்.

விருதுநகர்ப் பக்கத்து மனிதருக்கு இந்தத் தொடக்கத்தில் விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்று இந்த வட்டாரத்தில் வணிகம் வளர்த்த ஆறு ஊர்களும் மாட்டுவண்டிகளின் மேல்தான் எழுந்தன. பருத்தியும் வத்தலும் கருப்பட்டியும் ஏற்றிய வண்டிகள் இரவில் தங்குவதற்காகவே பேட்டைகள் கட்டினார்கள். சுற்றுச்சுவர் வைத்த இடம், உள்ளே மாடுகளுக்குத் தண்ணீர், கள்ளர் பயமில்லாமல் கண்ணயரலாம். சரக்குக்கு இவ்வளவு என்று வாங்கிய மகமைப் பணத்தில் கோயிலும் சந்தையும் நடந்தன. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையும் அப்படி எழுந்ததுதான். அத்தனை வளமும் வண்டிமாட்டின் கழுத்துக் காய்ப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. வழியில் மாட்டுக்குக் கால் ஒடிந்தால் சரக்கைப் பார்ப்பதா மாட்டைப் பார்ப்பதா என்ற கேள்வி கதைக்காக யோசித்து வைத்ததல்ல. வியாபாரியின் தினக்கேள்வி அது.

சஞ்சீவகன் சாகவில்லை. ஆற்றங்கரைப் புல்லை மேய்ந்து கால் தேறியது, உடம்பு திரண்டது. வேலை இல்லாத காளை வேறென்ன செய்யும்? கொம்பால் மண்ணைக் குத்திக் கிளறிக்கொண்டு முழங்கியது. தண்ணீர் குடிக்க வந்த பிங்கலன் என்ற சிங்கராசா அந்த முழக்கத்தைக் கேட்டு நடுங்கிப்போய், தாகத்தை அடக்கிக்கொண்டு ஆலமரத்தடிக்குத் திரும்பிவிட்டது. அது பிறந்த காட்டில் மாடு கிடையாது. இன்னதென்று தெரியாத சத்தம் எப்போதும் பெரிய மிருகம்தான். வருஷமெல்லாம் பட்டாசுச் சத்தத்தையே செய்து விற்கிற சிவகாசி வட்டாரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

ராசா பயந்ததைக் கவனித்தவை இரண்டு நரிகள், கரடகனும் தமனகனும். முன்னாள் மந்திரியின் பிள்ளைகள், இப்போது பதவி இல்லை. பதவி போனவனுக்கு ராசாவின் பயத்தை விட நல்ல மூலதனம் ஏது? தமனகன் போய்ப் பார்த்து, சத்தம் போட்டது ஒரு மாடு என்று தெரிந்துகொண்டு, காளையைச் சிங்கத்திடம் கூட்டி வருகிறது. அங்கேதான் அதன் கணக்கு பிசகியது. சிங்கத்துக்கும் காளைக்கும் உண்மையாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. நகரத்தையும் மனிதரையும் பார்த்த காளை பேசுகிறது. காட்டை விட்டு வெளியே போகாத சிங்கம் கேட்கிறது. பேச்சு ருசியில் சிங்கம் வேட்டையை மறக்க, அது தின்று மிச்சம் வைப்பதை நம்பியிருந்த பிராணிகள் பட்டினி கிடக்கின்றன.

இந்த இடத்தைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்குக் கதையின் உயிரே இங்கேதான் இருப்பதாகப் படுகிறது. புல் தின்பதும் புல் தின்பதைத் தின்பதும் நட்பானால், அந்த நட்புக்கு விலை கொடுப்பது அவை இரண்டு மட்டுமல்ல. பசித்த வயிறுகள் சுற்றிலும் இருந்ததால்தான் நரியின் பேச்சு எடுபட்டது. காளை உன் ராச்சியத்தைப் பிடிக்கப் பார்க்கிறது என்று சிங்கத்திடம் ஒரு சொல். சிங்கம் உன்னைத் தின்னப்போகிறது என்று காளையிடம் ஒரு சொல். அடுத்த முறை பார்க்கும்போது அதன் உடம்பு விறைத்திருக்கும் பார் என்று இருவருக்கும் அடையாளமும் சொல்லி வைக்கிறது. பயந்த உடம்பு விறைக்கத்தானே செய்யும்? இரண்டும் விறைத்தபடி சந்திக்கின்றன. சிங்கம் காளையைக் கொன்றுவிட்டு அழுகிறது. தமனகன் தேறுதல் சொல்லி மந்திரியாகிறது. அவ்வளவுதான் முடிவு, நரிக்குத் தண்டனை கிடையாது. நட்பைப் பிரித்தல், மித்திரபேதம், என்று பெயர் வைத்த பகுதி பேர் சொன்னபடியே முடிகிறது. மந்த புத்திக்காரர்களான மூன்று அரசகுமாரர்களை ஆறு மாதத்தில் தேற்றுகிறேன் என்று விஷ்ணுசர்மா ஏற்றுச் சொன்ன கதை இது. குழந்தைக் கதையாக அது பிறக்கவில்லை. நாளைக்கு அரியணையில் உட்காரப் போகிறவர்களுக்கு, காதருகே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொன்ன பாடம்.

6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் முதலாம் குஸ்ரோவின் வைத்தியர் புர்ஸோய் இந்தியா வந்து இதைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். அந்தப் பஹ்லவி நூல் இன்று இல்லை. அதிலிருந்து பிறந்த சிரியாக், அரபு நூல்கள் இருக்கின்றன. அரபாக்கியவர் இப்னுல் முகஃப்பா, ஏறக்குறைய 750இல். கரடகனும் தமனகனும் அவர் கையில் கலீலாவும் திம்னாவும் ஆகி நூலுக்கே பெயரானார்கள். சஞ்சீவகனின் பெயர் ஷன்ஸபா, ஷத்ரபா என்று தேய்ந்தது. பிங்கலனின் பெயரே உதிர்ந்துபோய் வெறும் சிங்கம் மிஞ்சியது. ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு நடப்பதுதான்.

பெயரைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நடந்தது. நரி தப்பித்துப் போவது அரபு நூலுக்குப் பொறுக்கவில்லை. காளை செத்த பிறகு புதிதாக ஓர் அத்தியாயம் வருகிறது. திம்னாவைச் சிறையில் வைக்கிறார்கள், விசாரணை நடக்கிறது, சாட்சிகள் வருகின்றன, கடைசியில் மரண தண்டனை. வடமொழி மூலத்தில் இந்த நீதிமன்றம் கிடையாது. அதைச் சேர்த்தவர் இப்னுல் முகஃப்பாவே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அரசவைக் கோள்மூட்டலுக்குக் கதையில் தண்டனை வாங்கிக் கொடுத்த அவர், சில ஆண்டுகளிலேயே அரசவைப் பகையால் பாஸ்ராவில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அவர் வழக்கில் திம்னாவுக்குக் கிடைத்த அளவு விசாரணைகூட நடக்கவில்லை.

படமும் கூடவே வந்தது. 1429இல் ஹேராத்தில், தைமூரின் பேரன் பைசுங்குருக்காக எழுதப்பட்ட பாரசீகப் படியில் சிங்கம் காளையைக் கொல்லும் ஓவியம் இருக்கிறது. இன்று அந்தப் படி இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில். பக்கத்தில் நின்று நரிகள் வேடிக்கை பார்க்கின்றன. ஓவியன் கதையைச் சரியாகப் படித்திருக்கிறான்.

அரபிலிருந்து ஐரோப்பா போன கிளைகள் பல. 11ஆம் நூற்றாண்டில் கிரேக்கம், 1251இல் காஸ்டிலிய ஸ்பானியம், எபிரேயம் வழியாக லத்தீன், அதிலிருந்து ஜெர்மன். ஐரோப்பாவில் அச்சுப்பொறி வந்த புதிதிலேயே அச்சேறிய நூல்களில் அந்த ஜெர்மன் நூலும் ஒன்று. இத்தாலியில் 1552இல் தோனி என்ற எழுத்தாளர் இதை எழுதியபோதுதான் வேடிக்கை. அங்கத்து வாசகனுக்கு இந்த நரிகள் அந்நியம். தோனி ஒன்றைக் கழுதையாகவும் இன்னொன்றைக் கோவேறு கழுதையாகவும் மாற்றிவிட்டார். காளையோடு கழுதையும் கோவேறு கழுதையும் சேர்ந்து, காட்டு அரசவை பாதித் தொழுவமாகிவிட்டது. 1570இல் தாமஸ் நார்த் அதை அப்படியே ஆங்கிலத்தில் தந்தார். எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. கூடவே பாரம் சுமந்த பிராணி காளையைப் பற்றிக் கோள் சொல்லும் என்று நம்ப மனம் வர மாட்டேன் என்கிறது. 1678இல் பிரெஞ்சுக் கவி லா ஃபோந்தேன் தன் நீதிக்கதைகளின் இரண்டாம் தொகுதியில், பில்பாய் என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டதாக வெளிப்படையாக எழுதினார். கிழக்கே கடல் தாண்டிய கிளையில், ஜாவாவின் தந்திரி கதைகளில், காளையின் பெயர் நந்தகன். வடக்கே போன கதையில் சஞ்சீவகனோடு நுகத்தில் பூட்டியிருந்த ஜோடி மாட்டின் பெயர் அது. ஜாவாச் சண்டையில் சிங்கம், காளை இரண்டுமே மடிகின்றன.

இவ்வளவு சுற்றிய பிறகு 1826இல் தாண்டவராய முதலியார் மராட்டியிலிருந்து தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தார். சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழ் படிக்க வந்த கும்பினி அதிகாரிகளுக்குப் பாடம் வேண்டியிருந்தது. அதே 1826இல் பாரிஸில், தென்னிந்தியாவில் பல்லாண்டு இருந்து திரும்பிய பாதிரியார் துபுவா, தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளைக் கொண்டு பிரெஞ்சில் ஒரு பஞ்சதந்திரம் வெளியிட்டார். ஒரே வருஷத்தில் காளை சென்னைக்குள் வருகிறது, சென்னைப் பக்கத்திலிருந்து பாரிஸுக்கும் போகிறது.

சிவகாசிக்கு இந்தக் கதை வந்த வழி தீப்பெட்டி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பிறகு வந்த பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். எழுத்துத் தெரியாதவரும் கடையில் அடையாளம் சொல்லி வாங்க வேண்டுமென்றால் படம்தான் வழி. அணில் மார்க், சேவல் மார்க் என்று பிராணிகளே முத்திரையாயின. அந்த லேபிளுக்காக வளர்ந்த வண்ண அச்சு காலண்டர், டைரி, நோட்டு, பாடநூல் என்று பெருகி, கதைப் புத்தகத்துக்கும் வந்தது. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் இந்த ஊரில்தான் பிறந்தன. லா ஃபோந்தேனின் மொழியிலிருந்து காமிக்ஸ் நாயகன் லக்கி லூக்கும் அவன் குதிரை ஜாலி ஜம்பரும் தமிழ் பேசிக்கொண்டு சிவகாசியில் வந்திறங்கியதைப் போன கதைக்கு வந்த பதில் என்று வைத்துக்கொள்ளலாம். அச்சான தாளுக்கு இந்த ஊரில் மறுபிறவியும் உண்டு. பழைய தாளைச் சுருட்டித்தான் வெடிக்குக் குழல் செய்கிறார்கள். தீபாவளி மறுநாள் தெருவில் பொறுக்கிய துண்டில் பாதிக் கதை படித்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் நிறையவே இருப்பார்கள்.

இனி என் குறை. எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கொண்ட வண்ணப் புத்தகத்தில் மித்திரபேதம் முழுதாக அடங்காது. அதனால் அதன் உள்கதைகளைப் பிரித்து விற்கிறோம். சிங்கமும் முயலும், ஆமையும் அன்னங்களும், கொக்கும் நண்டும், நீல நரி. இவையெல்லாம் சஞ்சீவகன் கதைக்குள் வாதத்துக்காக எடுத்துச் சொல்லப்பட்டவை. எல்லாக் கதைகளையும் இழுத்து வந்த காளையை அவிழ்த்துவிட்டு, சரக்கை மட்டும் இறக்கிக்கொண்டோம். கிணற்றில் குதித்த சிங்கத்தை அறியாத தமிழ்ப் பிள்ளை இருக்காது. சிநேகிதனைக் கொன்றுவிட்டு அழுத சிங்கத்தைத் தெரிந்த பிள்ளையைத் தேடத்தான் வேண்டும். சோக முடிவு பிள்ளைகளுக்கு ஆகாது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லை நம்பி உயிர்த் தோழனோடு பேச்சை முறித்துக்கொண்ட அனுபவம் ஏழு வயதிலேயே அவர்களுக்கு இருக்கிறது. கதைதான் அவர்களைவிடப் பின்தங்கி நிற்கிறது.

சிவகாசியில் குழந்தைப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பஞ்சதந்திர வரிசைக்குத் தாள் வாங்கும்போது, கால் ஒடிந்ததிலிருந்து நரி மந்திரியாவது வரை சஞ்சீவகன் கதையை மட்டும் ஒரே புத்தகமாகப் போடுங்கள். நல்ல ஓவியரிடம் கொடுங்கள். திம்னாவுக்குத் தண்டனை கிடைத்த அரபு அத்தியாயத்தைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். எந்த முடிவு சரி என்று பிள்ளைகள் வீட்டில் சண்டை போடட்டும்.