முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது யார்?



என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி அனுப்புகிறார்கள். "சார், முதல் துப்பாக்கியா பாயிண்ட் 22 செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கலாமா? எப்படிப் பராமரிக்கணும்?" வரலாறு நடத்தியவன், என்.சி.சி.யும் பார்த்துக்கொண்டவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் 150 வருடக் கதை இருக்கிறது. அதில் நம் கச்சிராயபாளையத்துக்கு மேலே நிற்கும் கல்வராயன் மலையும் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். பாயிண்ட் 22 தோட்டாவின் அடிப்பாகத்தில் ஒரு மெல்லிய விளிம்பு உண்டு. தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேதான் இருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கினால் மருந்து பற்றும். 1845 வாக்கில் பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே சுட்டு விளையாடும் சிறிய துப்பாக்கிக்காக இந்த வழியைக் கொண்டுவந்தார். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் சிறிய ரிவால்வருக்காகக் குட்டையான பாயிண்ட் 22 தோட்டாவைச் செய்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 'லாங் ரைஃபிள்' தோட்டா 1887இல் வந்தது. விலை குறைவு, சத்தம் குறைவு, தோளில் உதைப்பும் குறைவு. அதனால்தான் கற்றுக்கொள்பவர் கையில் முதலில் கொடுக்கும் துப்பாக்கியாக இது ஆனது. சிறியது என்று அலட்சியம் கூடாது. அந்தக் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் போகும்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால், விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். ஆனால் அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். இந்த வகையில் விளிம்புத் தோட்டாவுக்கென்று வந்த முதல் வெற்றிகரமான ரைஃபிள், வின்செஸ்டர் கம்பெனியின் 1903 மாடல். பின்கட்டையில் 10 தோட்டா கொள்ளும். அந்தக் கம்பெனி அதற்கென்று தனியாக ஒரு தோட்டாவையே செய்தது. ஏன் தெரியுமா? அந்தக் காலத்து லாங் ரைஃபிள் தோட்டாக்களில் பல கருமருந்தில் ஓடின. கருமருந்து புகையும் கரியுமாகப் படியும். கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் துப்பாக்கி அந்த அழுக்கைத் தாங்கும். தானே இயங்க வேண்டிய துப்பாக்கி நாலு சுற்றுக்குள் சிக்கிக்கொள்ளும். ஆகவே புகையில்லா மருந்து மட்டும் போட்ட தோட்டா தேவைப்பட்டது. செமி ஆட்டோமேட்டிக் பிறந்ததே சுத்தமான மருந்து கிடைத்த பிறகுதான். பராமரிப்புக் கேள்விக்கு விடை இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

அதன் இயக்கத்தைப் பாருங்கள். வெடிக்கும் வாயு குண்டை முன்னே தள்ளும்போதே காலித் தோட்டாவைப் பின்னே தள்ளுகிறது. அது போல்ட்டைத் தள்ளுகிறது, ஸ்பிரிங் போல்ட்டைத் திருப்பி அனுப்புகிறது. இதனால் கரியும் ஈயத்தூளும் குண்டின் மேல் பூசிய மெழுகும் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே சேர்கின்றன. தோட்டா அமரும் சேம்பரும் போல்ட்டின் முகமும் சுத்தமாக இருந்தால் பாதிப் பராமரிப்பு முடிந்தது. எண்ணெய் மிக லேசாகத் தடவ வேண்டும். அதிகம் விட்டால் அழுக்கு பிசைந்து களியாகிவிடும். குழலைப் பின்பக்கத்திலிருந்து துடைப்பதே நல்லது; வாய்ப்பக்கம் தேய்ந்தால் குறி தவறும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடக் கூடாது. சில மாடல்களில் ஊசி சேம்பரின் ஓரத்தில் மோதி அதைக் கெடுத்துவிடும். எதைத் தொடுவதற்கு முன்பும் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும்.

இனி தேர்வுக்கு வருவோம். அமெரிக்காவில் 1964இல் வந்த ரூகர் 10/22 லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் துப்பாக்கி. அங்கே தேர்ந்தெடுப்பது வாங்குகிறவர். நம் நாட்டில் நாம் கடைக்குப் போகும் முன்பே சட்டம் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

அந்தச் சட்டத்தின் தாய் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். வைஸ்ராய் லிட்டன் பிரபு காலம். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். ஆபத்தைப் பார்த்து எழுதிய சட்டமல்ல, ஆளைப் பார்த்து எழுதிய சட்டம். சுதந்திரத்துக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. நிறப் பாகுபாடு போயிற்று, உரிமம் தங்கிவிட்டது. இன்றுள்ள 2016 விதிகளில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள், கட்டுப்படுத்தப்பட்ட முதல் வகையில் வைக்கப்பட்டுள்ளன. மாவட்ட நிர்வாகம் கொடுக்கும் சாதாரண உரிமத்துக்குள் அவை வராது. சாதாரண பாயிண்ட் 22 போல்ட் ரைஃபிளுக்கே 21 வயது ஆகியிருக்க வேண்டும், காவல்துறை விசாரணை முடிய வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு ஒரு வரிப் பதில் இதுதான்.

ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் பாயிண்ட் 22 வந்தது. வந்த வழி என்.சி.சி. 1917இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று ஒரு படைப்பிரிவை வெள்ளையர் அரசு தொடங்கியது. முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. சுதந்திர இந்தியா 1948இல் அதை என்.சி.சி.யாக்கிப் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்தது. 1949இல் பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். 70 வருடத்துக்கு முன் உரிமம் மறுக்கப்பட்ட குடியானவன் வீட்டுப் பிள்ளை, குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, அரசாங்கத்தின் ரைஃபிளால் அட்டையில் குறிபார்த்தான். இது சின்ன மாற்றமில்லை.

அந்த ரைஃபிள் போல்ட் வகை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை யோசிக்கிறான். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை தேட வேண்டும். பிறகு புல்த்ரூ கயிற்றில் துணியைக் கோத்துக் குழலைத் துடைக்க வேண்டும். சுடுவது அரைமணி நேரம் என்றால், எண்ணுவதும் துடைப்பதும் அதைவிட அதிகம். அந்த வேலைதான் உண்மையான பாடம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். துப்பாக்கி உன்னுடையதல்ல, அதற்குக் கணக்கு உண்டு என்பதே அந்தப் பாடம்.

இப்போது மலைக்கு ஏறுவோம். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்குப் போகும் பாதையில் இருக்கும் ஊர்களில், முதல் துப்பாக்கி என்பது வாய்ப்பக்கம் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. மரவள்ளியையும் சாமையையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க வைத்திருந்தது. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது 1976இல்தான். 1878 சட்டமும் 1959 சட்டமும் வந்தபோது அந்த மக்களிடம் போய் 'உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்ல யார் இருந்தார்கள்? சட்டத்தின் உதவி அவர்களைத் தேடி வரவில்லை. வழக்கு மட்டும் வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டையும் குற்றமாயிற்று.

இதே மேற்குத் திசையில் குடகு மலையைப் பாருங்கள். அங்குள்ள கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் 1861லேயே வெள்ளையர் அரசு உரிம விலக்கு கொடுத்தது. இன்றைய ஒன்றிய அரசும் அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. ஒரு மலையில் துப்பாக்கி மரபுரிமை, இன்னொரு மலையில் சிறைவாசம். இரண்டிலும் இருப்பது மலைமக்கள்தான். ஒருவர் ஆட்சியாளருக்கு வேண்டியவராக இருந்தார், மற்றவர் யார் கண்ணிலும் படவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைச் சொல்வதால் நாட்டுத் துப்பாக்கிக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். தரம் பார்க்காத குழாய், அளவு தெரியாமல் கெட்டிய மருந்து, மழைக்காலத்தில் உள்ளே ஏறிய துரு, எல்லாம் சேர்ந்தால் அது சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். ஒளித்து வைக்க வேண்டிய பொருளை யாரும் வெளியே எடுத்து நன்றாகத் துடைக்க முடியாது. கூரை இடுக்கில் ஈரத்தில் கிடக்கும் துப்பாக்கிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காவல்துறை 'தானாக வந்து ஒப்படைத்தால் வழக்கில்லை' என்று அறிவிக்கும்போது ஒப்படைத்துவிடுவதே குடும்பத்துக்கு நல்லது. மலையில் உறவினர் உள்ளவர்கள் இதை எடுத்துச் சொல்லுங்கள். அதே சமயம், பயிர் போனால் இழப்பீடு உரிய காலத்தில் வர வேண்டும். காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் தமிழக அரசு முடிவெடுத்தது. காட்டுக்குள்ளேயே வாழ்கிறவனுக்கு அந்த 3 கிலோமீட்டர் எங்கே இருக்கிறது?

சுடுதலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு: உரிமம் தேவைப்படாத, விசை குறைந்த பாயிண்ட் 177 ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டி பாயிண்ட் 22 தோட்டாவில்தான் நடக்கிறது. தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிள் அல்ல. ஒன்றை வைத்து, சுட்டு, அடுத்ததை வைக்கும் ரைஃபிள்.

மலைப் பக்கத்து நண்பர்கள், உங்கள் தாத்தா காலத்துச் செய்திகள் தெரிந்தால் கீழே எழுதுங்கள். நம் வரலாற்றை நாம் எழுதாவிட்டால், அது வழக்குக் கட்டுகளில் மட்டும்தான் மிஞ்சும்.